பறக்கும் புகைப்படக் கருவியும் எல்லைச் சோதனையும்: ஒரு வரலாற்று நோக்கு

நாடுகளின் எல்லைகளிற் பயணிகளின் பொதிகளைப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் மிகப் பழையது. துறைமுகங்களிலும் வணிகப் பாதைகளிலும் அது தீர்வை அறவிடுதலின் பொருட்டே பெரும்பாலும் நடைபெற்றது. இன்று விமான நிலையமொன்றினூடாகச் செல்லும் பயணி எதிர்நோக்கும் சோதனைகளோ பலவாகும். அவை வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு அச்சங்களின் விளைவாகத் தோன்றியவை. ட்ரோன் என வழங்கும், புகைப்படக் கருவி பொருத்திய ஆளில்லாச் சிறுவிமானத்தைத் தம் பெட்டியிற் கொண்டுசெல்லும் ஒருவர் இவை அனைத்துக்கும் ஒருங்கே முகங்கொடுக்க வேண்டியுள்ளது. இந்நிலை எவ்வாறு உருவாயிற்று என்பதையும், அரசுக்கும் பயணிக்கும் இடையிலான உறவில் அது ஏற்படுத்திய மாற்றத்தையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வானிலிருந்து நிலத்தைப் படம்பிடிக்கும் முயற்சி விமானத்துக்கு முற்பட்டது. 1858இல் நாடார் என்ற புனைபெயரால் அறியப்பட்ட பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர், பாரிசுக்கு அண்மையிலுள்ள பியேவ்ர் என்ற இடத்தில் வாயுக்கூண்டொன்றிலிருந்து படமெடுத்தார். அரை நூற்றாண்டின் பின்னர், யூலியஸ் நொய்புறொன்னர் என்ற ஜேர்மானிய மருந்தாளர் புறாக்களின் மார்பிற் சிறிய புகைப்படக் கருவிகளைக் கட்டிப் பறக்கவிட்டார். இவை அக்காலத்தில் வியப்புக்குரிய விளையாட்டுக்களாகவே தோன்றின. முதலாம் உலகப் போர் அந்நிலையை மாற்றியது. பதுங்குகுழிகளும் பீரங்கி நிலைகளும் விமானங்களிலிருந்து படமாக்கப்பட்டன. வானிலுள்ள கண் போரின் படைக்கலங்களுள் ஒன்றாயிற்று.

போர் முடிந்ததும் 1919 ஒக்டோபர் 13ஆம் திகதி கைச்சாத்தான பாரிஸ் வான்பயண உடன்படிக்கையில் இவ்வனுபவத்தின் சுவட்டைத் தெளிவாகக் காணலாம். அதன் 26ஆம் உறுப்புரை, சர்வதேச வான்பயணத்தில் வெடிபொருள்களையும் போர்த்தளபாடங்களையும் எடுத்துச் செல்லுதலைத் தடைசெய்தது. அதனையடுத்த 27ஆம் உறுப்புரை, புகைப்படக் கருவிகளை எடுத்துச் செல்லுதலையோ பயன்படுத்துதலையோ தடுக்கவும் ஒழுங்குபடுத்தவும் ஒவ்வோர் அரசுக்கும் உரிமை வழங்கியது. வெடிமருந்துக்கு அடுத்த வரிசையிலே புகைப்படக் கருவி வைக்கப்பட்டமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

1944 டிசம்பர் 7ஆம் திகதி கைச்சாத்தான சிக்காகோ உடன்படிக்கை இவ்விடயத்திற் சிறியதோர் சொல்மாற்றத்தைச் செய்தது. அதன் 36ஆம் உறுப்புரை தன் நிலப்பரப்பின் மேலாகப் பறக்கும் விமானங்களிற் புகைப்படக் கருவிகளைப் பயன்படுத்துதலை ஓர் அரசு கட்டுப்படுத்தலாம் என்று மட்டுமே கூறுகின்றது. ‘எடுத்துச் செல்லுதல்’ என்பது அங்கு இடம்பெறவில்லை. கருவி பயணியின் கையில் இருப்பதில் தவறில்லை, அதனைக் கொண்டு என்ன செய்யப்படுகின்றது என்பதே அரசின் கவலை என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது எனலாம்.

அதே உடன்படிக்கையின் 8ஆம் உறுப்புரை, விமானியின்றிப் பறக்கவல்ல விமானம் எதுவும் விசேட அனுமதியின்றி வேறொரு நாட்டின்மேல் விமானியின்றிப் பறக்கலாகாது என விதித்தது. பாரிஸ் உடன்படிக்கைக்கு 1929இல் வரையப்பட்ட திருத்தங்களிலேயே இதன் மூலத்தைக் காணலாம். 1944இல் ஜேர்மனி இலண்டன்மீது ஏவிய வீ-1 பறக்கும் குண்டுகளின் நினைவு ஆறாத வேளையில் இவ்வுறுப்புரை மீண்டும் எழுதப்பட்டது. புகைப்படக் கருவியும் ஆளில்லா விமானமும் இவ்வாறு தனித்தனி உறுப்புரைகளில் இடம்பெற்றன. இவை இரண்டும் ஒன்றாகி ஒரு கைப்பெட்டிக்குள் அடங்கும் காலமொன்று வருமென அதனை வரைந்தோர் எண்ணியிருக்க இடமில்லை.

போருக்குப் பிந்திய ஆண்டுகள் சுற்றுலாவின் ஆண்டுகளாகும். 1954 யூன் 4ஆம் திகதி நியூயோர்க்கில் நிறைவேறிய, சுற்றுலாப் பயணிகளுக்கான சுங்கச் சலுகைகள் பற்றிய உடன்படிக்கை, பயணியொருவர் தீர்வையின்றித் தற்காலிகமாகக் கொண்டுவரத்தக்க பொருள்களை நிரற்படுத்தியது. ஒரு புகைப்படக் கருவியும் பன்னிரண்டு தகடுகளும் அல்லது ஐந்து படச்சுருள்களும், ஒரு சிறிய சினிமாப் படப்பிடிப்புக் கருவி, ஒரு வானொலிப்பெட்டி, ஒரு ஒலிப்பதிவுக் கருவி, ஒரு தட்டச்சுப் பொறி என அந்நிரல் விரிந்து செல்கின்றது. திரும்பிச் செல்லும்போது அவற்றையும் எடுத்துச் செல்ல வேண்டும் என்பதே முக்கிய நிபந்தனை. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் வெடிமருந்தின் அயலில் நின்ற புகைப்படக் கருவி, இங்கே பயணியின் நம்பிக்கைக்குரிய துணைப்பொருளாயிற்று. 1961இல் உருவான ஏ.ரீ.ஏ. கார்னே முறை தொழில்முறைக் கருவிகளைத் தற்காலிகமாகக் கொண்டுவருவோருக்கும் இவ்வசதியை இலகுவாக்கியது.

இந்நம்பிக்கை நீண்டகாலம் நிலைக்கவில்லை. 1960களின் இறுதியில் விமானக் கடத்தல்கள் பெருகின. 1973 சனவரி 5ஆம் திகதி தொடக்கம் ஐக்கிய அமெரிக்காவில் விமானமேறும் ஒவ்வொரு பயணியும் அவரது கைப்பொதியும் சோதிக்கப்படலாயின. 1974 மார்ச்சில் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் சிக்காகோ உடன்படிக்கையின் பதினேழாம் இணைப்பாகப் பாதுகாப்பு விதிகளை ஏற்றுக்கொண்டது. சுங்க அதிகாரி சந்தேகத்துக்குரியவரின் பெட்டியையே பெரும்பாலும் திறந்தார். புதிய முறையிலோ சந்தேகம் எல்லோர்க்கும் பொதுவாயிற்று.

1985 யூன் 23ஆம் திகதி எயார் இந்தியாவின் 182ஆம் இலக்க விமானம் அத்திலாந்திக் கடலின் மேலே குண்டு வெடித்துச் சிதறியதில் 329 பேர் மாண்டனர். 1986 மே 3ஆம் திகதி கட்டுநாயக்காவில் எயார் லங்கா விமானத்தில் நிகழ்ந்த குண்டுவெடிப்பு 21 உயிர்களைப் பறித்தது. 1988 டிசம்பர் 21ஆம் திகதி லொக்கர்பியில் 270 பேரின் உயிரைக் குடித்த குண்டு, வானொலியுடன் கூடிய ஒலிப்பதிவுக் கருவியொன்றினுள் மறைக்கப்பட்டிருந்தது. 1954ஆம் ஆண்டு நிரலில் நம்பிக்கையோடு இடமளிக்கப்பெற்ற பொருள்களே இப்போது மரணத்தின் மறைவிடங்களாயின. மின்னணுக் கருவி ஒவ்வொன்றும் ஐயத்தோடு நோக்கப்படுவதற்குரிய வரலாற்றுக் காரணம் இதுவேயாகும்.

அடுத்த அச்சம் எவருடைய தீய எண்ணத்தாலும் விளைந்ததன்று. மின்கலத்தின் இயல்பிலிருந்தே பிறந்தது. 2010 செப்டெம்பர் 3ஆம் திகதி டுபாயில் யூ.பீ.எஸ். நிறுவனத்தின் சரக்கு விமானமொன்று தீப்பற்றி வீழ்ந்து, விமானிகள் இருவரும் மாண்டனர். அதன் சரக்கில் இலிதியம் மின்கலங்கள் பெருமளவில் இருந்தன. 2016 ஏப்பிரல் 1ஆம் திகதி முதல் இலிதியம்-அயன் மின்கலங்களைத் தனிச் சரக்காகப் பயணிகள் விமானங்களில் அனுப்புதல் தடுக்கப்பட்டது. பயணியின் உபரி மின்கலங்கள் கைப்பொதியிலேயே இருத்தல் வேண்டும். 100 உவாற்று-மணிக்கு மேற்பட்டவற்றுக்கு விமான நிறுவனத்தின் சம்மதம் தேவை. 160ஐக் கடந்தவற்றுக்குப் பயணிப் பொதியில் இடமில்லை. பொதுவாக நடுத்தர ட்ரோன் ஒன்றின் மின்கலம் 15.2 வோற்று, 5.35 அம்பியர்-மணி கொண்டதாயின், இரண்டையும் பெருக்க ஏறத்தாழ 81 உவாற்று-மணி பெறப்படும், அது எல்லைக்குட்பட்டது. ஆபத்தான பொருளைப் பயணிகளிடமிருந்து விலக்கி வைப்பதே பழைய நியதி. மின்கலம் அந்நியதியைத் தலைகீழாக்கிவிட்டது. தீப்பற்றினால் உடனே கண்டு அணைக்கத்தக்கதாக அது மனிதர் அருகிலேயே வைக்கப்படுகின்றது.

பாதுகாப்புச் சோதனையையும் மின்கல விதியையும் கடந்து விமானமேறிய ட்ரோன், இறங்கும் நாட்டின் சுங்கத்திற் சிக்கிக்கொள்ளலாம். 2013ஐ அடுத்து மலிவான ட்ரோன்கள் பரவியபோது, அவை தத்தம் வானிற் பறந்தபின் தடுப்பது கடினமென்பதை அரசுகள் உணர்ந்தன. 2015இல் மொரோக்கோ முன்னனுமதியற்ற இறக்குமதியைத் தடுத்தது. எகிப்து 2017ஆம் ஆண்டின் 216ஆம் இலக்கச் சட்டத்தால் இவற்றைப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதிக்குட்படுத்தியது. 2022 பெப்ரவரி 9ஆம் திகதி இந்தியா, ஆராய்ச்சி, பாதுகாப்பு ஆகிய தேவைகள் நீங்கலாக, வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதிக்குத் தடைவிதித்தது. உள்நாட்டு உற்பத்தியைப் பேணுதலும் அதன் நோக்கமாகும். இலங்கையில் 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னர் அவ்வாண்டு ஏப்பிரலிலேயே ட்ரோன் பறத்தல் இடைநிறுத்தப்பட்டது. 1944இற் கைவிடப்பட்ட ‘எடுத்துச் செல்லுதல்’ என்ற சொல், இவ்வாறு சுங்க மேசையின் வழியாக மீண்டும் சட்டத்தினுட் புகுந்தது.

அரசுகளின் அச்சம் ஆதாரமற்றதெனக் கூறுதல் பொருந்தாது. 2018 டிசம்பரில் இலண்டன் கற்விக் விமான நிலையத்தில் ட்ரோன் காணப்பட்டதாக எழுந்த முறைப்பாடுகளால் ஏறத்தாழ 1,000 விமானச் சேவைகள் பாதிக்கப்பட்டன. ஏறத்தாழ 1,40,000 பயணிகள் இடருற்றனர். அதற்குரிய குற்றவாளி கண்டறியப்படவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. பறப்பவரைக் காண இயலாதவிடத்துப் பொருளைப் பறிப்பது அரசுக்கு இலகுவான வழியாகின்றது.

ஆனால் அவ்வழியின் விலையைச் செலுத்துவோர் யாவர்? தொல்லியல் மேடுகளையும் வெள்ளத்தில் மூழ்கிய வயல்களையும் கரையரிப்பையும் அளவிட இன்று இக்கருவி இன்றியமையாததாகி வருகின்றது. பெரிய நிறுவனங்கள் அனுமதியையும் கார்னேயையும் முன்கூட்டியே பெற்றுக்கொள்ளும். வசதி குன்றிய ஆய்வாளரும் மாணவருமே விதியை அறியாது சுங்க மேசையில் நின்று, கருவியைப் பறிகொடுக்கின்றனர். தீங்கு செய்யத் துணிந்தவரோ உதிரிப் பாகங்களைக் கொண்டே ஒன்றை ஆக்கிக்கொள்வர்.

ஆகவே, 1954ஆம் ஆண்டு உடன்படிக்கையின் அடிப்படை மீள்பரிசீலனைக்குரியது. பயணி கருவியை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். நுழைய அனுமதியில்லாதவிடத்து அதனைப் பற்றுச்சீட்டுடன் வைத்திருந்து, புறப்படும்போது திருப்பித் தருதல் அரசின் கடமையாதல் வேண்டும். விதிகள் பயணத்துக்கு முன்னரே எவரும் அறியக்கூடியவாறு பல மொழிகளில் வெளியிடப்படல் வேண்டும். இவற்றுக்குப் புதிய கோட்பாடு எதுவும் தேவையில்லை. பயணியை ஐயத்துக்கு முன்னர் நம்பிக்கையோடு நோக்கிய ஒரு காலத்தின் சட்டத்திலேயே இதற்கான வழி எழுதப்பட்டுள்ளது. அச்சத்தின் வரலாற்றைப் போலவே அந்நம்பிக்கையின் வரலாறும் நாம் கற்றுக்கொள்ள வேண்டியதாகும்.