தென்னெல்லையில் கலைக்கல்வியும் கிறிஸ்தவ நோக்கும்

நெய்யாற்றின்கரைப் பகுதியில் ஆரியங்கோடு என்றோர் ஊர் உண்டு. ரப்பர்த் தோட்டங்களும் மரச்சீனி விளைகளும் சூழ்ந்த ஊர். அங்கிருந்து பாறசாலைக்கு வந்து, சற்றே கிழக்கு நோக்கி நடந்தால் களியக்காவிளை. இடையில் மாநில எல்லை. மண்ணின் நிறம் மாறுவதில்லை, மரங்கள் மாறுவதில்லை, பெயர்ப்பலகையின் எழுத்து மட்டும் மாறுகிறது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் தில்லியிலும் வாழும் தமிழர் மாநிலம் கடந்து சென்றவர்கள். இவ்வூர்த் தமிழரோ இருந்த இடத்திலேயே இருந்தார்கள். எல்லைதான் அவர்களைக் கடந்து சென்றது. இந்த எல்லை நாட்டில் நின்று ஒரு வினாவை ஆராய்வோம். கல்லூரியில் வரலாறும் இலக்கியமும் தத்துவமும் பயிலும் மாணவன், அவற்றைக் கிறிஸ்தவ நோக்கில் பயில்வது என்றால் என்ன?

நீர் கொதிக்கும் வெப்பநிலையில் இந்து நோக்கு, கிறிஸ்தவ நோக்கு என்ற பிரிவு இல்லை. கலைப் பாடங்களின் இயல்பு வேறு. அவற்றின் பொருள் மனிதன். மனிதனை யார் எனக் கருதுகிறோமோ, அக்கருத்து நாம் எழுதும் வரலாற்றில் புகுந்தே தீரும். எவனை எண்ணத் தகுந்தவன் எனக் கொள்கிறோம், எவனை விட்டுவிடுகிறோம் என்பதில்தான் நோக்கு வெளிப்படுகிறது.

இந்நாட்டுக்கு உயர்கல்வி புதிதன்று. பாறசாலைக்கு அதிகத் தொலைவில்லாத பார்த்திவபுரத்தில், ஆய் மன்னன் கருநந்தடக்கன் 9-ஆம் நூற்றாண்டில் ஒரு சாலையை நிறுவினான். காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்ட அக்கல்விச்சாலையில் 95 மாணவர்க்கு இடம் வகுக்கப்பட்டது. இச்செய்தியைக் கூறும் செப்பேடு தமிழில் அமைந்தது. அங்குச் சேர இலக்கண அறிவும் மூவேந்தர் நாட்டு நடைமுறை அறிவும் வேண்டும் என விதித்தார்கள். நல்ல விதியே. ஆயின் அந்த 95 இடங்களும் வேதக் கிளைகளின்படி பங்கிடப்பட்டவை. உழுதவனின் மகனுக்கும் பனையேறியவனின் மகனுக்கும் அவற்றில் ஒன்றும் இல்லை.

ஓராயிரம் ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாகவே கழிந்தபின், அவ்விடமற்றவர்க்கு ஒரு வாயில் திறந்தது. 1806-இல் மயிலாடிக்கு வந்த ஜெர்மானியராகிய ரிங்கல்தௌபே, 1809-இல் அங்கு ஒரு கல்விக்கூடம் தொடங்கினார். அவரை அவ்வூருக்கு வரவேற்றவர் வேதமாணிக்கம் என்னும் தமிழர். பின்னர் வந்த சார்லஸ் மீட் காலத்தில் நாகர்கோவில் அப்பணியின் நடுவிடமாயிற்று. பாறசாலையும் லண்டன் மிஷனின் ஊழிய நிலையமாகியது. அங்குப் பணியாற்றிய ஜான் ஆப்ஸ் தம் 22 ஆண்டு அனுபவத்தை 1870-இல் நூலாக வெளியிட்டார். மயிலாடியில் விதைத்த விதை 1893-இல் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக நாகர்கோவிலில் கிளைத்தது.

அந்தக் காலத்துச் சமூக நிலையை நாம் மறத்தலாகாது. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது 1855-இல். நாடார் குலப் பெண்கள் மேலாடை அணியும் உரிமை, நெடிய கலகத்தின் பின், 1859-இல்தான் அரசாணையால் ஏற்கப்பட்டது. அதிலும் உயர்சாதிப் பெண்களைப் போல் அணியலாகாது என்ற தடை எஞ்சி நின்றது. கோயில் நுழைவுக்கு 1936 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இத்தகைய நாட்டில் ஓர் ஏழைக் குடும்பத்து மாணவன் வரலாற்றுப் புத்தகத்தைத் திறந்தபோது, அவன் உள்ளத்தில் எழுந்திருக்க வேண்டிய முதல் வினா, “இதில் என் பாட்டன் எங்கே?” என்பதே.

அவ்வினாவுக்கு விடை காண முயன்றவர்கள் உண்டு. சி. எம். ஆகூர் என்பார் 1903-இல் திருவிதாங்கூர்த் திருச்சபை வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதினார். அரண்மனை ஏடுகள் கூறாத எளிய மாந்தரின் வாழ்வு அத்தகைய நூல்களில் இடம்பெற்றது. எனினும் மிஷன் நூல்களுக்கும் ஒரு குறை உண்டு. தாம் வருமுன் இங்கு இருள் மட்டுமே இருந்தது என்னும் தோற்றத்தை அவற்றுள் பல தருகின்றன. எனவே ஒரு சாட்சி போதாது. திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராயிருந்த மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை, கல்வெட்டுகளைப் படித்துத் திருவிதாங்கூரின் பழைய மன்னர் வரிசையை 1894-இல் ஆராய்ந்து வெளியிட்டார். நாகமையா 1906-இல் அரசின் சார்பில் நாட்டு வரலாற்றைத் தொகுத்தார். மிஷன் ஏடு, அரசு ஏடு, கல்லெழுத்து ஆகிய மூன்றையும் எதிரெதிரே வைத்துக் கேட்பவனே வரலாற்று மாணவன். தன் சமயத்தார் எழுதியது என்பதற்காக ஒன்றை ஐயமின்றி ஏற்பவன் அம்மாணவன் ஆகான்.

இந்த நேர்மைக்குச் சென்னையில் ஒரு பெருஞ்சோதனை நேர்ந்தது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்கு 1862-இல் வந்த வில்லியம் மில்லர், கல்லூரியின் கடமை மதமாற்றத்தின் தொகையைக் கூட்டுவதன்று. சமுதாயத்தின் சிந்தனையில் நற்கருத்துகள் ஊறிப் பரவச் செய்வதே என்று வாதிட்டார். அவருடைய சமயத்தாரிடமிருந்தே எதிர்ப்பு எழுந்தது. அவர் காலத்தின் இறுதியில் அங்குத் தத்துவம் கற்பித்தவர் ஏ. ஜி. ஹாக். அவரிடம் பயின்ற மாணவருள் ஒருவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன்.

இந்து சமயத்தைப் பற்றிய மிஷனரிகளின் கண்டனம் அவ்விளைஞரை உறுத்தியது. உறுத்தலே ஆராய்ச்சிக்குத் தூண்டியது என்று அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். வேதாந்தத்தில் ஒழுக்கநெறிக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டை மறுத்து அவர் எழுதிய ஆய்வுரை 1908-இல் நூலாயிற்று. ஆசிரியர் ஹாக் அந்த மறுப்பை வெறுக்கவில்லை. அதன் திறத்தைப் பாராட்டிச் சான்றளித்தார். கிறிஸ்தவக் கல்லூரியின் கலைக்கல்விக்கு இதனினும் உயர்ந்த வெற்றி வேறு உண்டோ? தன் கருத்தை மறுக்கும் ஆற்றலையே மாணவனுக்குக் கொடுத்தனுப்பியது அக்கல்லூரி.

மறுக்கும் உரிமை பின்னர் நாட்டின் சட்டமாகவே ஆயிற்று. 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவின்படி, அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற கல்வி நிலையத்தில் எவரையும் அவர் இசைவின்றிச் சமய போதனைக்கு உட்படுத்தலாகாது. 30-ஆம் பிரிவோ, சிறுபான்மையினர் தமக்கெனக் கல்வி நிலையம் நிறுவி நடத்தும் உரிமையை அளிக்கிறது. அச்சிறுபான்மை மதத்தால் மட்டுமன்று, மொழியாலும் அமையலாம் என்பதை எல்லை நாட்டார் கருத்திற் கொள்ளுதல் வேண்டும்.

ஏனெனில் 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. 1959-இல் தென்னிந்தியத் திருச்சபையின் கன்னியாகுமரிப் பேராயம் தனியே பிரிந்தது. கல்லூரிகளும் இருபுறமும் எழுந்தன: மார்த்தாண்டத்தில் 1964-இல் ஒன்று, ஆரியங்கோட்டுக்கு அணித்தான காட்டாக்கடையில் 1965-இல் மற்றொன்று. ஒரே மரபின் இரு கிளைகள் இரு பல்கலைக்கழகங்களைச் சார்ந்தன. முன்பு நாகர்கோவிலைத் தன் கல்விநகர் என எண்ணிய தமிழ்க் குடும்பம், இப்போது வேறு மாநிலத்து ஊராக அதை நோக்க நேர்ந்தது.

மாநிலங்கள் பிரிந்த அதே 1956-இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350-அ பிரிவு, மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க முயல்வதை ஒவ்வொரு மாநிலத்தின் கடமையாக்கியது. விதி ஏட்டில் உள்ளது. பிள்ளையைத் தமிழ் வகுப்பில் சேர்க்கும் தந்தை இல்லையேல், அவ்வகுப்பு நிலைக்காது. தமிழ் வகுப்பு மறைந்த ஊரில், பார்த்திவபுரச் செப்பேடு வெறும் செம்புத் தகடே.

வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் விலகிச் சென்றவர்களையும், நின்று தூக்கிய அயலானையும் பற்றிய உவமையை நாம் அனைவரும் அறிவோம். கலைக்கல்விக்கு அவ்வுவமை தரும் பொருள் ஒன்றே: ஏட்டின் ஓரத்தில் கிடப்பவனைக் கண்டு நில். அன்று ஓரத்தில் கிடந்தவன் சாதியால் தள்ளப்பட்டவன். இன்று எல்லையோரத்தில் தன் மொழியை எழுத்தறியாமல் பேச்சளவில் மட்டும் காத்துவரும் சிறுவனும் அவனே. பிறமாநிலங்களில் வாழும் நம் இல்லங்களிலும் அச்சிறுவன் இருக்கிறான். அவனுக்கு ஒரு தமிழேட்டைக் கொடுத்து, அருகிலமர்ந்து, அதில் அவன் பாட்டனைத் தேடக் கற்பிப்போமாக.