பொலிஸ் உங்கள் கைத்தொலைபேசியைக் கேட்டால்: சட்டம் சொல்வது என்ன?

பொலிஸார் விவரம் கேட்பது வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை தமிழர்களுக்குப் புதிதல்ல. யுத்தகாலத்தில் கேட்கப்பட்டவை அடையாள அட்டையும் பொலிஸ் பதிவும். 2007 ஜூன் 7ஆம் திகதி, கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இன்று கைத்தொலைபேசி ஒன்றைத் திறந்தாலே போதும். உறவினர், நண்பர், உரையாடல், பயணம் எல்லாம் அதில் இருக்கின்றன.

ஏன் கைத்தொலைபேசி?

முகநூலின் சேவையகங்கள் வெளிநாட்டில் உள்ளன. இலங்கைப் பொலிஸார் அவற்றை நேரடியாகத் திறக்க முடியாது. வட்ஸ்அப் செய்திகள் மறைகுறியாக்கம் செய்யப்பட்டவை. ஆகவே விசாரணையாளருக்கு மிக இலகுவான வழி, உங்கள் கையில் இருக்கும் சாதனம்தான்.

சட்டம் வைத்துள்ள தடைகள்

2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றங்கள் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி, சேவை வழங்குநரிடமிருந்து தகவல் பெறவும் தொடர்பாடலை இடைமறிக்கவும் நீதவானின் ஆணை வேண்டும். இச்சட்டத்தின் கீழான விசாரணையில் கணினியை அணுகும் பொலிஸ் அதிகாரிக்குப் போதிய தொழில்நுட்ப அறிவு உண்டென பொலிஸ் மா அதிபர் எழுத்தில் சான்றளித்திருக்க வேண்டும். கைப்பற்றிய பொருட்கள், தரவுகள் பற்றிய முழுப் பட்டியலைத் திகதி, நேரத்துடன் உரிமையாளருக்குக் கொடுக்க வேண்டும்.

ஓட்டைகள்

அதே பிரிவு மூன்று நிபந்தனைகளுடன் விதிவிலக்குத் தருகிறது: விசாரணை அவசரமானது, தகவல் அழிந்துவிடலாம், இரகசியம் பேண வேண்டும். இவை மூன்றும் இருந்தால் ஆணை தேவையில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 6ஆம் பிரிவோ, பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரி ஆணையின்றியே தேடவும் கைப்பற்றவும் இடமளிக்கிறது. அந்தரங்க உரிமையை அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயம் தனி உரிமையாக அங்கீகரிக்கவும் இல்லை.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. நீங்களாகவே திறந்து கொடுத்தால், ஆணை பற்றிய கேள்வியே எழாமல் போய்விடலாம்.

ஒரு பதிவின் விலை

எழுத்தாளர் ரம்ஸி ராசிக் முகநூல் பதிவொன்றுக்காக 2020 ஏப்ரலில் கைதானார். ஐந்து மாதங்களுக்கு மேல் தடுப்பில் இருந்தார். அவரது அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்து, 10 இலட்சம் ரூபா நட்டஈடு வழங்க உத்தரவிட்டது. நீதி கிடைத்தது, ஆனால் மூன்றரை ஆண்டுகள் சென்றன.

நீங்கள் செய்யக்கூடியவை

- எந்தச் சட்டத்தின் கீழ் கேட்கிறார்கள், ஆணை உண்டா என்று அமைதியாகக் கேளுங்கள். பலவந்தமாகத் தடுக்க வேண்டாம். விசாரணைக்கு இடையூறு செய்வது தனிக் குற்றமாகும்.
- அதிகாரியின் பெயர், இலக்கம், பொலிஸ் நிலையம், நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.
- சாதனத்தை எடுத்துச் சென்றால் பட்டியல் கேளுங்கள். புரியாத மொழியில் உள்ள எதிலும் கையொப்பமிட வேண்டாம், சட்டத்தரணியை அழையுங்கள்.
- முறைப்பாட்டுக்கு: இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு, 1996. அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், அதன் விசாரணைக் காலம் இக்கணக்கில் சேராது.

இக்கட்டுரை பொதுவான விளக்கமே. உங்களுக்கோ வீட்டாருக்கோ இப்படி நேர்ந்தால் முதல் நாளிலேயே சட்டத்தரணியிடம் பேசுங்கள்.