கானும் ஓயாவும்

பதுளைக்கு முந்தைய ரயில் நிலையம் ஹாலிஎல. அந்த ஊரைத் தொட்டு ஓடும் பதுளு ஓயா, பதுளை நகரைக் கடந்து, துன்ஹிந்தையில் ஏறத்தாழ 64 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து மகாவலியைச் சேர்கிறது. ஓயாவைப் பலரும் அறிவார்கள். தோட்ட மலைகளிலிருந்து அதில் இறங்கும் சிற்றோடைகளை அந்தந்தத் தோட்டத்தாரைத் தவிர யாரும் அறியார். ஐப்பசி, கார்த்திகையில் தோட்டத் தொழிலாளரின் லயத்து வாசலுக்கு வருவது அவற்றின் தண்ணீர்தான்.

இந்த ஓடைகளின் போக்கை மாற்றியது கோப்பி. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மலைக்காடுகள் வெட்டி எரிக்கப்பட்டன. 1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. 1873இல், மலையுச்சிக் காடுகள் அழிவதன் ஆபத்தைக் கியூ தாவரவியல் பூங்காவின் ஜோசப் ஹூக்கர் லண்டன் அரசுக்கு எடுத்துச் சொன்னார். அதன் பிறகே 5,000 அடிக்கு மேலுள்ள காட்டைத் தொடுவதில் கட்டுப்பாடு வந்தது. ஹாலிஎலச் சரிவுகள் பெரும்பாலும் அதற்குக் கீழே. கோப்பி போன இடத்தில் தேயிலை ஏறியது.

தேயிலைக்காரர்கள் தொடக்கத்தில் களையை அடியோடு சுரண்டினார்கள். மூடுபுல் இல்லாத மண் ஒவ்வொரு மழையிலும் கரைந்தது. இந்த மண்ணரிப்பை ஆராய்ந்த அரச குழு 1931இல் அறிக்கை தந்தது. மண் பாதுகாப்புச் சட்டம் வர 1951 ஆயிற்று. தோட்டங்கள் கையாண்ட மருந்து கான், அதாவது வடிகால். சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டுவது ஆண்களின் வேலை. அதில் மண் தங்கக் குழியும் விடுவார்கள். தூர் எடுத்துவரும்வரை கான் மண்ணைக் காக்கும். கைவிட்டால், அதே கான் மலைத் தண்ணீரையெல்லாம் ஓர் ஓடையில் கொண்டுவந்து கொட்டும். 1924இல் பதுளைக்கு ரயில் வந்தபோது பாதைக்கான மண்ணணைகளும் மதகுகளும் சேர்ந்தன. மதகில் ஒரு மரம் சிக்கினால் போதும், தண்ணீர் பின்வாங்கிப் பக்கத்து நிலத்தில் ஏறும்.

தண்ணீர் இப்படி ஏறுவதை முன்கூட்டியே கணக்கிடலாம். ஓடும் நீரின் சமன்பாடுகளைப் பிரெஞ்சுப் பொறியியலாளர் செயிண்ட் வெனாந்த் 1871இல் எழுதினார். அப்போது இங்கே கோப்பியில் துரு பரவிக்கொண்டிருந்தது. படுகையின் சரிவும் கரடுமுரடும் நீரின் ஆழமும் தெரிந்தால் நீரின் வேகம் தெரியும் என்ற சூத்திரத்தை அயர்லாந்தின் ராபர்ட் மானிங் 1889இல் முன்வைத்தார். இன்று ஹெக்-ராஸ் என்னும் இலவசக் கணினி மென்பொருள் அதைத்தான் செய்கிறது. ஓடையின் குறுக்குவெட்டு, மதகின் வாய், ஒரு பெருமழையில் வரக்கூடிய நீரளவு ஆகியவற்றைக் கொடுத்தால், எந்த வீட்டுக்கு எவ்வளவு உயரம் தண்ணீர் வரும் என்று காட்டும். கொடுக்கும் மழைக்கணக்கு பிழையானால் விடையும் பிழை. சிற்றோடையில் வெள்ளம் ஓரிரு மணி நேரத்தில் ஏறி இறங்கிவிடுவதால், நாள் முழுவதற்கும் எடுத்த ஒற்றை அளவு அங்கே போதாது.

ஆபத்தைப் படமாக வரைவது பதுளைக்குப் புதிதல்ல. 1986 சனவரி மண்சரிவுகளுக்குப் பின், 1990இல் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஐ.நா. உதவியோடு மண்சரிவு அபாய வரைபடம் தயாரிக்கத் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்கள் பதுளையும் நுவரெலியாவும். ஆனாலும் 2014 அக்டோபர் 29 காலை பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அங்கிருந்து விலகச் சொல்லி 2005இலும் 2011இலும் எச்சரிக்கை வந்திருந்தது. போவதற்குச் சொந்தமாக ஒரு துண்டுக் காணியும் இல்லாதவர்களிடம் விலகிப் போ என்பது எச்சரிக்கையே அல்ல. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று.

ஓடைகளுக்கும் இனி படம் வரையவேண்டும். அதற்கு வேண்டிய தரவில் ஒரு பங்கு தோட்டங்களிலேயே கிடைக்கும். மழைமானி வைத்து அன்றாட மழையை எழுதுவது தேயிலைத் தோட்டங்களின் பழைய வழக்கம். அந்தப் பதிவேடுகளைக் கரையான் தின்னும் முன் படியெடுக்க வேண்டும். எந்த ஆண்டில் தண்ணீர் எந்தப் படிவரை ஏறியது என்று லயத்துப் பெரியவர்களிடம் கேட்டுக் குறிக்க வேண்டும். வரைந்த படம் தமிழிலும் சிங்களத்திலும் லயத்துச் சுவருக்கு வரட்டும். அதில் ஆபத்துக் கோட்டுக்குள் விழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வேறு இடத்தில் காணி உறுதி கொடுங்கள்.