மாதர் மீட்ட மாளிகை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதற் சனாதிபதியான ஜோர்ஜ் வாசிங்டன் வாழ்ந்து, 1799ஆம் ஆண்டு உயிர்நீத்த மவுண்ட் வேர்ணன் மாளிகை, வேர்ஜீனியாவிலே பொற்றோமாக்கு ஆற்றங்கரையில் உள்ளது. அரை நூற்றாண்டு கழிந்தபோது அது வீழும் நிலையை எய்திற்று. ஆற்றை நோக்கிய முன்றிலின் கூரைக்குப் பழைய பாய்மரங்களை முட்டுக்கொடுத்திருந்தனர். உரிமையாளர் அதனை அரசுக்கு விற்க முயன்றும், மத்திய அரசோ வேர்ஜீனியா அரசோ கொள்ள முன்வரவில்லை.

1853இல் ஓரிரவு அவ்வழியே நீராவிக் கப்பலிற் சென்ற லூயிசா கனிங்ஹம் என்னும் மாது, ஆடவர் கைவிட்ட இவ்வில்லத்தை மாதர் காத்தல் கூடாதோ எனத் தம் மகளுக்கு எழுதினார். மகள் ஆன் பமேலா, இளமையிற் குதிரையினின்று வீழ்ந்து நோயாளியானவர். அவ்வாண்டு திசெம்பரிலே சார்ள்ஸ்ரன் பத்திரிகையொன்றில் அவர் விடுத்த வேண்டுகோளிற் சொந்தப் பெயர் இல்லை. குலமகளிர் பெயர் பத்திரிகையில் வருதல் இழுக்கெனக் கருதப்பட்ட காலம் அது. வாக்குரிமையும் இல்லாத அம்மாதர் சங்கம் அமைத்து, மாநிலந்தோறும் ஒரு தலைவியை நியமித்துச் சிறுகச் சிறுகப் பொருள் திரட்டினர். நாவலர் எட்வேட் எவரெற் ஊரூராகச் சொற்பொழிவாற்றி ஏறத்தாழ 69,000 டொலர் ஈட்டி உதவினார். 1858இல் விலை 200,000 டொலர் என ஒப்பந்தமாயிற்று. 1860 பெப்ரவரி 22ஆம் நாள், வாசிங்டனின் பிறந்த நாளில், மாளிகை சங்கத்தின் கைக்கு வந்தது.

வந்தது ஏறக்குறைய வெறும் வீடே. பஸ்ரீல் சிறையின் திறவுகோல், உடோன் என்னும் சிற்பி வடித்த களிமண் மார்புருவம், பூகோள உருண்டை ஆகியனவே குறிப்பிடத்தக்க எஞ்சிய பொருள்கள். தளபாடங்களைத் தேடி மீட்கப் பல தசாப்தங்கள் சென்றன. சுவர்களும் கல்லாலானவையல்ல, பலகையைக் கல்லடுக்குப்போற் செதுக்கி, ஈர வர்ணத்தின்மீது மணலை வீசிக் கல்லின் தோற்றத்தை உண்டாக்கியிருந்தனர். செப்பனிடுவோர் இம்மணற்பூச்சையும் பேணவேண்டியவராயினர். 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டது. தலைவி தென் கரோலினாவில் இருக்க, செயலாளர் சாரா றேசி என்னும் பெண்மணி மாளிகையிலேயே தங்கி, இரு படையினரும் ஆயுதங்களை வெளியே வைத்துவிட்டே உள்ளே வரவேண்டுமென வற்புறுத்தினார். அத்துணிவு வியக்கத்தக்கது.

ஆயினும் மணற்பூச்சிற் செலுத்திய கவனத்தை, அவ்வீட்டிற்காக உழைத்தோர்பாற் சங்கம் நெடுங்காலம் செலுத்தவில்லை. வாசிங்டன் இறந்தபோது அவர் பண்ணைகளில் 317 அடிமைகள் இருந்தனர். அவர் கல்லறைக்கு அண்மையிலே அடிமைகள் புதைக்கப்பட்ட நிலத்திற்கு 1929இலேயே முதற் கல் நாட்டப்பட்டது. அதில் அவர்களைக் குறித்த சொல் 'ஊழியர்' என்பது, 'அடிமைகள்' என்பதன்று. 1983இல் ஹவாட் பல்கலைக்கழக மாணவர் வரைந்த புதிய நினைவுச்சின்னம் அங்கு எழுந்தது. 2014 முதல் தொல்லியலாளர், என்புகளைத் தீண்டாது மேல்மண்ணை மட்டும் அகற்றி, பெயரற்ற அக்குழிகளை ஒவ்வொன்றாக அடையாளமிடத் தொடங்கினர்.