உரிமத் தாளும் டீ கிளாசும்

மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இருக்கிறது. 1689 முதல் 1706 வரை ஆண்ட ராணி மங்கம்மாள் வழிப்போக்கர்களுக்குச் சாலையும் சத்திரமும் அமைத்தார் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அந்த 'வழிப்போக்கர்' என்ற சொல்லுக்குள் யாரெல்லாம் அடங்கினார்கள் என்பதைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை. அந்தக் காலத்துச் சத்திரங்கள் பெரும்பாலும் சாதி பார்த்துத்தான் இலை போட்டன. சேரி மக்களுக்குத் திண்ணைகூடக் கிடையாது.

பிறகு கிளப்புக்கடைகள் வந்தன. காசு கொடுத்தால் சோறு என்பது பெரிய மாற்றம்தான். ஆனால் கல்லாவுக்கு முன்பாகவே சாதி உட்கார்ந்திருந்தது. ரயில் நிலைய உணவகங்களிலேயே பிராமணருக்குத் தனி இடம், இதரருக்குத் தனி இடம் என்று வைத்திருந்தார்கள். பெரியாரும் நீதிக்கட்சியினரும் தொடர்ந்து எதிர்த்த பிறகு 1941-இல் அது ஒழிந்தது. அந்த 'இதரர்' கூட்டத்துக்குள் நம் ஆட்களுக்கு எந்தப் பெஞ்சு என்ற கேள்வி மட்டும் அப்படியே நின்றது.

1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்டோரை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். அந்தத் தேதி எல்லோருக்கும் தெரியும். மதுரைச் சுற்றுவட்டாரத்தில் டீக்கடை வாசல் எந்தத் தேதியில் திறந்தது என்று கேட்டுப்பாருங்கள், தோழர்களே. அப்படி ஒரு தேதியே கிடையாது. கோயிலுக்கு வருடத்துக்கு நான்கு முறை போவோம். டீக்கடைக்குத் தினமும் போகிறோம். எனக்கு இரண்டாவதுதான் பெரிய வாசல்.

அண்ணலுக்கு இது சொந்த அனுபவம். 1917-இல் பரோடா அரசுப் பணியில் சேரப் போனபோது அந்த ஊரில் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். விஷயம் தெரிந்ததும் தடிகளோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினார்கள். அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு கடை, பொது உணவகம், ஓட்டல் என்று பெயர் சொல்லியே பாகுபாட்டைத் தடுக்கிறது. அந்தச் சொற்களை நான் பரோடாவை நினைக்காமல் வாசித்ததில்லை.

1955-இல் தீண்டாமை (குற்றங்கள்) சட்டம் வந்தது. 1976-இல் அதைத் திருத்திக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றினார்கள். மாணவர்கள் இதன் மூன்று பிரிவுகளையாவது வாசிக்க வேண்டும். உணவகத்துக்குள் நுழைவதையும் அங்கே பொதுவாக வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்துவதையும் தடுத்தால் குற்றம் என்கிறது 4-ஆம் பிரிவு. மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே நேரத்தில், அதே இடத்தில், அதே நிபந்தனையில் பொருளோ சேவையோ தர மறுத்தால் குற்றம் என்கிறது 6. அந்த 6-இல் தண்டனை பெற்றவருடைய தொழில் உரிமத்தை நீதிமன்றம் ரத்து செய்யலாம், நிறுத்தி வைக்கலாம் என்கிறது 8. கிரீன்ஸ்போரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர்கள் உணவு மேசையில் உட்கார்ந்து போராடியது 1960-இல். அமெரிக்காவில் அதற்கான சட்டம் வந்தது 1964-இல். சட்டப் புத்தகத்தில் நாம் அவர்களுக்கு 9 ஆண்டு முன்னே நிற்கிறோம்.

சிக்கல் 8-ஆம் பிரிவின் வரிசையில் இருக்கிறது. முதலில் புகார், பிறகு வழக்கு, பிறகு தண்டனை, அதற்குப் பிறகுதான் உரிமம். புகார் கொடுக்க வேண்டியவர் அதே ஊரில், அந்தக் கடைக்காரரின் உறவினர் வயலில் கூலிக்குப் போகிறவர். உரிமம் கொடுப்பது ஓர் அலுவலகம், வழக்குப் போடுவது இன்னோர் அலுவலகம். உணவுப் பாதுகாப்பு அதிகாரி தண்ணீரைப் பார்ப்பார், எண்ணெயைப் பார்ப்பார். யாருக்கு எந்த கிளாஸ் என்று பார்ப்பது அவர் வேலை இல்லை.

இதற்குள் கிளாசும் மாறிக்கொண்டே வந்தது. சிரட்டை போய்த் தனிக் குவளை வந்தது. குவளை மீது வழக்கு வரத் தொடங்கியதும், மற்றவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ், நமக்குத் தூக்கியெறியும் கப் என்று ஆனது. கேட்டால் 'சுத்தம்' என்பார்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு பிளாஸ்டிக் பூசிய கப்புகளைத் தடை செய்தபோது, அதிகாரிகள் கடை கடையாகப் போய்க் கப்புகளைப் பறிமுதல் செய்தார்கள். டீக்கடைக்குள் நுழைந்து எந்தக் கப் என்று பார்க்க அரசால் முடியும் என்பது அப்போது தெரிந்தது.

கல்யாண மண்டபங்களுக்கும் இதே கதைதான். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு மண்டபத்தின் ஓலைப் பந்தல் தீப்பிடித்து மணமகன் உள்பட 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெளியேறும் வழி எங்கே, தீயணைப்புக் கருவி எங்கே என்ற கேள்விகள் அதன்பிறகு கூர்மையாயின. அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று சுனாமி. நாகப்பட்டினம் பகுதியில் தலித் மக்கள் நிவாரண முகாம்களிலிருந்து விலக்கப்பட்டதும் ஒதுக்கி வைக்கப்பட்டதும் அப்போதே பதிவாயின. வைகையில் வெள்ளம் வந்தாலும் கரையோர மக்களைப் பள்ளிக்கூடத்திலோ மண்டபத்திலோதான் தங்கவைக்க வேண்டும். மதுரை வட்டாரத்தில் எத்தனை மண்டபங்கள் சாதிச் சங்கங்களின் கையில் இருக்கின்றன என்பதைப் பெயர்ப் பலகைகளே சொல்லும். பேரிடர் திட்டம் எழுதுகிறவர்கள் அந்தப் பலகைகளை வாசிக்கிறார்களா?

மாற்றுத்திறனாளித் தோழர்கள் இதே சுவரில்தான் முட்டிக்கொண்டிருக்கிறார்கள். 2016-ஆம் ஆண்டு சட்டம் கட்டடங்களில் தடையற்ற அணுகலைக் கட்டாயமாக்கியது. ஆனால் 2017-இல் வந்த விதி அதை வெறும் வழிகாட்டுதலாகச் சுருக்கிவிட்டது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விதி சட்டத்துக்கு முரணானது என்று சொல்லி, கட்டாய விதிகளை வகுக்க மூன்று மாத அவகாசம் கொடுத்தது. சாய்தளம் இல்லாவிட்டால் கட்டட நிறைவுச் சான்றிதழ் இல்லை என்று அவர்களால் கேட்க முடிகிறது. இரட்டைக் குவளை இருந்தால் உரிமப் புதுப்பிப்பு இல்லை என்று நாமும் கேட்கலாம். தண்டனை வரை காத்திருக்க வேண்டியதில்லை, ஆய்வுப் படிவத்திலேயே ஒரு கேள்வி சேர்ந்தால் போதும்.

வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். உங்கள் மாவட்டத்தில் அது கடைசியாகக் கூடிய தேதி, அதில் டீக்கடை, உணவகம், மண்டபம் பற்றிப் பேசப்பட்டதா, கூட்டக் குறிப்பின் நகல் ஆகிய மூன்றையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய்.