எண்சுவடி: திண்ணைப் பள்ளிகளில் சிறுவர் எண் கல்வி

தமிழகத்தில் 19ஆம் நூற்றாண்டு வரை சிறுவர்கள் எண்ணவும் கணக்கிடவும் கற்ற இடம் திண்ணைப் பள்ளி. ஆசிரியரின் வீட்டுத் திண்ணை, கோயில் மண்டபம், மரத்தடி என எங்கும் அது நடந்தது. ஆசிரியரை அண்ணாவி, கணக்காயர், உபாத்தியாயர் என்று ஊருக்கு ஊர் வெவ்வேறு பெயரால் அழைத்தனர். அங்கே முதலில் கற்பிக்கப்பட்ட கணித நூல்கள் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாத்து ஆகியவை.

நெல்லும் எண்ணும்

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையில் உள்ள மேலகரம், திருக்குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர். மதுரை நாயக்க மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாதர் கவிராயருக்கு வழங்கிய நிலம் 'குறவஞ்சி மேடு' என்று பெயர் பெற்றது. புலவருக்குப் பரிசு நிலமாகக் கிடைத்ததில் வியப்பில்லை. சிற்றாற்றுப் பாசனப் பகுதியில் செல்வம் என்றால் வயலும் நெல்லும்தான். நிலத்தின் பரப்பைக்கூட அதில் எவ்வளவு விதை விதைக்கலாம் என்பதை வைத்தே 'கோட்டை விதைப்பாடு' என்று சொல்வது நெல்லைச் சீமை வழக்கம். 21 மரக்கால் ஒரு கோட்டை. வாரமும் கூலியும் நெல்லாகவே அளக்கப்பட்டன. எண்ணத் தெரியாதவன் களத்துமேட்டில் ஏமாறுவான்; எண் கல்விக்கு அன்று இருந்த அவசரம் அதுதான்.

நெல்லிலக்கம் இந்த அளவுகளை ஏணிபோல் ஏற்றிச் செல்கிறது. 360 நெல் ஒரு செவிடு. 5 செவிடு ஓர் ஆழாக்கு. பிறகு உழக்கு, உரி, நாழி ஆகிய ஒவ்வொன்றும் முந்தையதைப் போல் இரு மடங்கு. 8 நாழி ஒரு குறுணி, 2 குறுணி ஒரு பதக்கு, 2 பதக்கு ஒரு தூணி, 3 தூணி ஒரு கலம். இதன்படி ஒரு நாழியில் 14,400 நெல்மணிகள் இருக்கும். இரட்டித்தலும் பாதியாக்கலும் சிறுவன் வீட்டில் தினமும் காணும் உழக்கிலும் படியிலுமே தொடங்கிவிடுகின்றன.

பொன்னிலக்கம் முழு எண்களோடு பின்னங்களையும் சேர்த்தே கற்பித்தது. முந்திரி என்பது 1/320, காணி 1/80, மா 1/20, வீசம் அல்லது மாகாணி 1/16. பின்னத்தை மேல்வகுப்புப் பாடமாக ஒதுக்கி வைக்கும் இன்றைய வழக்கம் அன்று இல்லை. முந்திரியை மேலும் 320ஆகப் பகுத்தால் கீழ்முந்திரி, அதாவது 1/1,02,400. சந்தைக்குப் போகும் சிறுவனுக்கு இது எதற்கு என்று கேட்கலாம். கணக்குப்பிள்ளை ஆகப்போகிறவனுக்கு வேண்டியிருந்தது.

மணல், ஓலை, குரல்

சிறுவன் முதலில் மணலில் விரலால் எழுதிப் பழகுவான். எழுதும்போதே உரக்கச் சொல்வான். கை தேறிய பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். எண்சுவடி பெருக்கல் வாய்பாட்டு நூல். ஈரைந்து பத்து என்று சட்டாம்பிள்ளை சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். மூத்த மாணவனே இளையவர்களுக்குச் சொல்லித்தரும் இந்த ஏற்பாட்டால் ஒரே ஆசிரியர் பல நிலைச் சிறுவர்களைச் சமாளிக்க முடிந்தது.

இந்த முறை கடல் கடந்தும் சென்றது. சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ச் சிறுவர்கள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியில் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பித்தார். 1797இல் லண்டனில் அவர் வெளியிட்ட நூலுக்குப் பிறகு அது 'மெட்ராஸ் முறை' என்று இங்கிலாந்தில் பரவியது.

திண்ணைப் பள்ளியை வெறும் மனப்பாடம் என்று ஆங்கில அதிகாரிகள் பலர் தள்ளினர். கணித வரலாற்றாய்வாளர் செந்தில் பாபு இதை மறுக்கிறார்: நினைவாற்றல் அங்கே கற்கும் வழியாகவே இருந்தது என்பது அவர் கருத்து. அளவைகளின் உறவு மனத்தில் நின்றால்தான் களத்தில் நின்றபடி கணக்கிட முடியும் என்பதால் அக்கருத்து பொருத்தமாகவே தெரிகிறது. ஆனால் பிரம்படியும் கடுந்தண்டனையும் அதே திண்ணையில்தான் இருந்தன.

யார் கற்றார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்ட கணக்கெடுப்பின்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். அவர்களில் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. ஒடுக்கப்பட்ட சாதியினருக்குப் பெரும்பாலும் திண்ணையில் இடமில்லை. நெல்லை அறுத்தவர்களும் அடித்தவர்களுமே நெல்லிலக்கம் கற்க முடியாதிருந்தனர். அளப்பவர் சொன்ன எண்ணை அவர்கள் நம்பவேண்டியிருந்தது.

அளவை மாறியபோது

அரசுப் பாடநூல்களும் உதவித்தொகை விதிகளும் வந்தபின் எண்சுவடி மெல்ல ஒதுங்கியது. 16 அணா ஒரு ரூபாய் என்றிருந்தவரை வீசக் கணக்குக்கு வேலை இருந்தது. 1957 ஏப்ரல் 1இல் பதின்ம நாணயம் வந்தது. மெட்ரிக் அளவைகளும் தொடர்ந்தன. முந்திரியும் மாவும் ஏட்டோடு நின்றன.

ஒன்று மட்டும் மாறவில்லை: எண்ணுப்பெயர்கள். தமிழில் பதின்மூன்று என்பது பத்தும் மூன்றும் என்று சொல்லிலேயே தெரியும். ஆங்கிலத்தின் லெவன், ட்வெல்வ் போன்றவற்றில் அது தெரியாது. ஆனால் எண்பத்தொன்பதுக்குப் பின் வரும் தொண்ணூறு, நூறைப் போல் ஒலித்துக் குழந்தையைத் தடுமாறவைக்கும். நூறு வரை ஒப்பிக்கும் குழந்தை 23 புளியங்கொட்டைகளை எண்ணித் தரத் திணறுவதும் உண்டு. கொட்டைக்கு ஒரு சொல், கடைசிச் சொல்லே மொத்தம் என்ற பிடிப்பு ஒப்பித்தலால் மட்டும் வருவதில்லை. பல்லாங்குழியில் ஒவ்வொரு குழியாகக் காயைப் போட்டுச் செல்வது அந்தப் பிடிப்பைத் தரும். குழியில் நான்கு சேர்ந்ததும் 'பசு' என்று எடுக்கும் சிறுமி, எண்ணாமலே நான்கைக் காண்கிறாள். திண்ணைக்குப் போகாத பெண் குழந்தைகளின் எண் பள்ளி இந்தப் பலகையே எனலாம்.

கொரோனா ஊரடங்கில் பள்ளிகள் மூடிக் கிடந்தபின் இந்த அடிப்படையே மீண்டும் அரசின் கவலையானது. 2022 ஜூன் 13இல் தமிழக அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், 2025ஆம் ஆண்டுக்குள் 8 வயதுக்குட்பட்ட அனைவரும் அடிப்படை எண்ணறிவும் எழுத்தறிவும் பெறவேண்டும் என்று இலக்கு வைத்தது. முதல் 3 வகுப்புக் குழந்தைகள் அவரவர் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கப்பட்டனர். 2023–24இல் 4, 5ஆம் வகுப்புகளும் இதில் சேர்க்கப்பட்டன.