வக்கா: ஒரு படகுச் சொல்லின் பயணம்

மாவோரியரும் டோங்கா தீவினரும் படகை 'வக்கா' என்கிறார்கள். ஃபிஜியில் அது 'வங்கா'. சமோவாவிலும் தாகித்தியிலும் ஹவாயிலும் நடுவிலுள்ள ககரம் தேய்ந்து, தொண்டையில் மூச்சை ஒரு கணம் அடைத்துவிடும் ஒலியாக மாறி, 'வஆ' ஆயிற்று. பிலிப்பைன்ஸ் மீனவரின் 'பங்கா'வையும் இந்தக் குடும்பத்தில் சேர்ப்பதுண்டு. பல்லாயிரம் கிலோமீட்டர் கடல் பிரித்த தீவுகளில் ஒரே சொல் இத்தனை ஒழுங்கான ஒலிமாற்றத்தோடு கிடைப்பது, பேசியவர்கள் ஒரே மூலத்திலிருந்து வந்தவர்கள் என்பதற்குச் சான்று. எப்படி வந்தார்கள் என்பதற்கு அது சான்றாகாது. காற்று அடித்துக்கொண்டு போனவனும் தன் மொழியோடுதான் கரை ஒதுங்குவான். தொலைதூரத் தீவுகளின் குடியேற்றம் தற்செயலானது என்று 1956இல் வரலாற்றாசிரியர் ஆண்ட்ரூ ஷார்ப் வாதிட்டபோது, சொல்லை மட்டும் காட்டி அவரை மறுக்க வழியில்லை. சொல் சுட்டிய பொருளும் அதற்குள் சுருங்கியிருந்தது. ஹவாயில் 'வஆ' என்றால் மீன்பிடிப்புக்கும் பந்தயத்துக்கும் உரிய சிறு படகு. இரட்டை ஓடங்களைப் பிணைத்த 'வஆ காவுலுவா' நெடுங்கடலில் ஓடி நூற்றாண்டுகள் ஆகியிருந்தன.

சொல் விட்ட இடைவெளியைப் பொருளால்தான் நிரப்ப முடிந்தது. 1973இல் பென் ஃபின்னி, ஹெர்ப் கானே, டாமி ஹோம்ஸ் மூவரும் பாலினேசியக் கடற்பயணச் சங்கத்தைத் தொடங்கினர். 1975இல் அவர்களின் 62 அடி நீள இரட்டை ஓடப் படகு 'ஹோக்குலேஆ' கடலில் இறங்கியது. அந்தப் பெயர் நம் சுவாதி நட்சத்திரத்துக்கு உரியது. ஹவாயில் அது ஏறத்தாழ உச்சிக்கு நேரே கடக்கும். தெற்கிலிருந்து திரும்பும் மாலுமி அது தலைக்கு மேல் வந்ததும் தன் தீவின் அட்சரேகையை எட்டிவிட்டதை அறிவான். 1976இல் சதவால் தீவின் மாலுமி மாவ் பியைலுக், விண்மீன்கள் எழும் இடங்களையும் அலைகள் ஓட்டில் மோதும் விதத்தையும் கொண்டு, கருவி ஏதுமின்றி ஹோக்குலேஆவைத் தாகித்தி வரை செலுத்தினார். மிதந்து போய்ச் சேரும் வழியல்ல அது. காற்றுக்கு எதிராகக் கிழக்கே இடம் பிடித்துக்கொண்டே தெற்கே 4,000 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும்.

ஹோக்குலேஆவின் ஓடு ஒட்டுப்பலகையும் கண்ணாடியிழையும் கொண்டது, ஆகவே சான்று செல்லாது என்பார்கள். அன்று சோதிக்கப்பட்டவை வடிவமும் பாயும் வழியறியும் கலையும்தான். மரத்தைப் பற்றிய ஐயமும் நீடிக்கவில்லை: கௌரி மரத்தில் செய்த மாவோரிப் படகு 'தே ஆவுரேரே' 1992இல் ரரோடொங்கா சென்றது. ஆங்கிலத்தில் இவற்றைக் 'கேட்டமரான்' என்கிறார்கள். நம் கட்டுமரம் கொடுத்த சொல்தான். ஆனால் பிணைத்த கட்டைகளின் மிதவைக்கும் இரட்டை ஓடத்துக்கும் உறவில்லை. அந்தப் பெருமையை நாம் கோர வேண்டாம். மாவ் மைக்ரோனேசியர், அவர் கலை ஹவாயருடையதல்ல என்ற மறுப்பு, ஓட்டைப் பற்றிய மறுப்பைவிடக் கனமானது. அதற்குச் சொல்லே துணை நிற்கிறது: அவருடைய சதவால் தீவில் படகின் பெயர் 'வா'. ஒரே கடலோடி மரபின் ஒரு கிளை காத்ததை மறுகிளை கேட்டு வாங்கிக்கொண்டது. 1980இல் ஹவாயரான நைனோவா தாம்சன் அதே வழியில் தாகித்திக்குப் போய்த் திரும்பினார். அப்போது வழி கண்டவர் அவரே.